துவையலுக்குத் தண்ணி காட்டி ஒரு கார சாஸ்

போன வருஷம் சித்திரை வெயிலில், புதுச்சேரியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் என் சித்தி மகனுக்கு ஒரு பாட்டில் பச்சை சாஸ் அரைத்து எடுத்துக்கொண்டு கடலூரில் பஸ் ஏறினேன். முதல் நாள் ராத்திரியே அரைத்தாகிவிட்டது. ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரம் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் பாட்டில் மேடை மேலேயே கிடந்தது. காலையில் அதை அப்படியே பைக்குள் போட்டு, பையை ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்து, முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம் என்று நினைத்த தூரத்தை ஒன்றரை மணி நேரத்தில் கடந்து, அறைக்குப் போய் மூடியைத் திருகினால் 'புஸ்' என்று ஒரு சத்தம். பாதி சாஸ் என் சட்டையில், மீதி அவன் பாயில். நிறமும் பச்சை இல்லை, பாசி பிடித்த குட்டைத் தண்ணீர் மாதிரி ஒரு பழுப்பு. பையன் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, இது சாஸா, வாசல் தெளிக்கிற சாணிப் பாலா?"

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு தடவையாவது அரைத்திருப்பேன். பொருளில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. முந்திரி, கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு, அவ்வளவுதான். மாறியது இரண்டே விஷயம்: எதை எப்போது ஜாரில் போடுவது, ஜார் சூடாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது. இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால் இதுவரை தேங்காய்ச் சட்னிகூட அரைத்திராத ஆளும் இதை ஒழுங்காகச் செய்துவிடலாம். அப்படிப்பட்ட ஒருவர் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

துவையலா, சாஸா

பண்ருட்டிப் பக்கம் இருக்கும் என் அத்தை இதை முதலில் பார்த்தபோது சொன்னது: "என்னடா இது, நல்ல தொவையல்ல தண்ணிய ஊத்திக் கெடுத்து வச்சிருக்க?"

பாதி உண்மைதான். கொட்டையும் தழையும் காரமும் சேர்த்து அரைப்பது நமக்குப் புதிது இல்லை. இத்தாலியில் ஜெனோவா நகரத்துப் பெஸ்தோவும் அதே கதைதான். பாசில் இலை, பைன் கொட்டை, பூண்டு, சீஸ், ஆலிவ் எண்ணெய் எல்லாவற்றையும் பளிங்கு உரலில் மர உலக்கையால் இடிப்பார்கள். பெஸ்தோ என்ற பெயரே இடிப்பது என்று பொருள்படும் வினையிலிருந்து வந்ததுதான். நம்முடைய துவையலும் 'துவை'யிலிருந்து வந்தது, துணியைத் துவைக்கிற அதே துவை. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே வேலைக்கு ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள், அத்தையிடம் இதைச் சொன்னபோது அவர் அசரவில்லை.

வித்தியாசம் பதத்தில் இருக்கிறது. துவையல் உருண்டையாக நிற்கும். சட்னி தட்டில் விட்டால் கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் தண்ணீர் பிரிந்து ஓடும், இட்லி நனையும், அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. சாஸ் ஊற்றினால் மெதுவாக இறங்க வேண்டும், தண்ணீர் பிரியக் கூடாது. கரண்டியை அதில் முக்கி எடுத்து, பின்பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் அப்படியே நின்றால் சாஸ், ஓடி மூடிக்கொண்டால் சட்னி. இந்தப் பதத்தைக் கொடுப்பது முந்திரி. அதிலுள்ள கொழுப்பும் மாவுச்சத்தும் தண்ணீரையும் எண்ணெயையும் பிடித்து ஒன்றாக வைத்துக்கொள்ளும், ஆனால் அது நைசாக அரைந்திருந்தால்தான் பிடிக்கும். அதனால்தான் வரிசை என்று இத்தனை சொல்கிறேன்.

வாங்குவது

முந்திரியில் முழுப் பருப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். கடையில் 'டபிள்யூ 320' என்று எழுதியிருப்பார்கள், ஒரு பவுண்டு எடையில், அதாவது 454 கிராமில், 300 முதல் 320 பருப்பு நிற்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். 240, 180 என்று எண் குறையக் குறையப் பருப்பு பெரிதாகும், விலையும் ஏறும். இதெல்லாம் தாம்பாளத்தில் வைத்து நீட்டுவதற்கு. அரைக்கப்போகிற பருப்பு முழுசாக இருந்தால் என்ன, நாலாக உடைந்திருந்தால் என்ன? பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கம் போகிறவர்கள் சாலையோரக் கடைகளில் 'உடைஞ்சது' என்று கேட்டால் தனி மூட்டையிலிருந்து அள்ளிப் போடுவார்கள், ருசி அதேதான். அத்தை வீட்டில் முழுப் பருப்பு விற்பதற்கு, உடைந்தது சமையலுக்கு, பொடி பாயசத்துக்கு என்று ஒரு கணக்கு உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதே, அந்த ஒரு நாள் காலையில் அவர்கள் கொல்லையில் நின்றிருந்த முந்திரியில் பாதிக்கு மேல் வேரோடு சாய்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் ஒரு துண்டுப் பருப்பைக்கூடத் தரையில் விடுவதில்லை.

வாங்கும்போது ஒன்று கடித்துப் பாருங்கள். மொறுமொறுவென்று உடைந்து, கடைசியில் ஒரு இனிப்பு வர வேண்டும். சிக்கு வாடை அடித்தால், தொண்டையில் காறினால் வேண்டாம், என்ன மிளகாய் போட்டாலும் அந்த வாடை மேலே வந்து நிற்கும். கடற்கரை ஊர் என்பதால் இங்கே காற்றில் எப்போதும் ஈரம், திறந்து வைத்த முந்திரி ரெண்டே நாளில் நமத்துவிடும். நமத்தது தப்பில்லை, எப்படியும் ஊறப்போடப் போகிறோம். சிக்கு வாடைதான் தப்பு. இன்னொன்று, ஊரில் யாராவது பாசத்தோடு ஓட்டோடு பச்சைக் கொட்டையைக் கொடுத்தால் வீட்டில் உடைத்துப் பார்க்க வேண்டாம். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். கடையில் விற்கும் பருப்பு, வேக வைத்தோ வறுத்தோ உடைத்து எடுத்தது.

கொத்தமல்லி காலையில் வாங்குங்கள். கட்டைப் பிரித்து நடுவில் மூக்கை வைத்துப் பாருங்கள். வெளியே பளபளவென்று இருந்தாலும் கயிறு கட்டின இடத்தில் அழுகல் ஆரம்பித்திருக்கும், தண்ணீர் தெளித்துத் தெளித்து வைப்பதால் வருவது. புதினாவில் இலை மட்டும் போதும், தண்டு கசக்கும். கொத்தமல்லியில் நேர் எதிர்: மெல்லிய தண்டில்தான் வாசனை, அதைக் கிள்ளிப் போடுவது பாவம், அடித்தண்டு முற்றியிருந்தால் மட்டும் வெட்டிவிடுங்கள்.

பாசில் வேண்டும் என்று சிலர் தேடுவார்கள். வேலியோரம் நிற்கும் திருநீற்றுப்பச்சிலை, அதுதான், சப்ஜா விதை தருகிற செடி, தாவரக் கணக்கில் பாசிலும் அதுவும் ஒரே இனம். நம்முடையது வாசனையில் கொஞ்சம் முரட்டுத்தனம். நாலைந்து இலை கிள்ளிப் போட்டால் நன்றாக இருக்கும், கை நிறையப் போட்டால் கோயில் பிரகாரத்தில் நின்று சாப்பிடுகிற மாதிரி ஆகிவிடும்.

அளவு சொல்லிவிடுகிறேன். உடைந்த முந்திரி 100 கிராம். கொத்தமல்லி ஆய்ந்து எடுத்த பிறகு 70 கிராம், அதாவது நடுத்தரக் கட்டு ஒன்று. புதினா இலை ஒரு கைப்பிடி. நீளப் பச்சை மிளகாய் 5, காரம் தாங்காதவர்களுக்கு 3. பூண்டு 3 பல், நாட்டுப் பூண்டு சின்னதாக இருந்தால் 5. ஒரு எலுமிச்சை. எண்ணெய் 2 மேசைக்கரண்டி. கல்லுப்பைப் பொடித்து முக்கால் தேக்கரண்டி. குளிர்ந்த தண்ணீர் அரை டம்ளர், ஐஸ் கட்டி நாலைந்து. எல்லாம் சேர்ந்து 350 மில்லிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ வரும், மூன்று பேருக்கு ரெண்டு நாள் தாங்கும்.

எண்ணெயில் என் கட்சி நல்லெண்ணெய். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் பொருந்தும். ஆலிவ் எண்ணெய் விலை கொடுத்து வாங்கி மிக்ஸியில் போட்டு ஓட்டினால் சில சமயம் கசந்துவிடும், அதை அரைத்த பிறகு கரண்டியால் கலக்குவதுதான் நல்லது. யோசித்துப் பார்த்தால் இந்தக் கிண்ணத்தில் இருப்பதில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவை. முந்திரி பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது, மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, கொத்தமல்லிக்கு மத்தியதரைக் கடல் பக்கம் பூர்வீகம். எள்தான் இந்த மண்ணில் பிறந்தது. அதனால் நல்லெண்ணெயை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அரைப்பதற்கு முன்னால்

முந்திரியைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் மூடி வையுங்கள். எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினால் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உடையாமல் மெழுகு மாதிரி அமுங்க வேண்டும். அமுங்கவில்லையா, இன்னும் கால் மணி நேரம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் ஒரு தடவை அலசி ஆற வையுங்கள். சூட்டோடு அரைக்கப் போனால் பின்னால் போடும் தழை அந்தச் சூட்டிலேயே நிறம் மாறிவிடும்.

தழையைப் பாத்திரம் நிறையத் தண்ணீரில் முக்கி, கையால் அலசி, மேலே மிதப்பதை மட்டும் அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து வடிகட்டினால் அடியில் இறங்கிய மண் திரும்பத் தழை மேலேயே விழும். மூன்று தண்ணீர் மாற்றினாலும் தப்பில்லை. முந்திரி சாஸில் ஒரு மணல் நறநறத்தாலும் போச்சு, அடுத்த வாய் யாரும் வைக்கமாட்டார்கள்.

இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும். இன்றைக்கே தீர்ந்துவிடும் என்றால் தழையைப் பச்சையாகவே அரைத்துவிடலாம், வாசனை தூக்கும். நாலு நாள் வைத்துச் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் கொதிக்கும் தண்ணீரில் பத்து எண்ணுகிற நேரம் முக்கி எடுத்து உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். தழையை வெட்டினாலோ அரைத்தாலோ அதற்குள் இருக்கும் நொதிகள் காற்றோடு சேர்ந்து அதைப் பழுப்பாக்கும், நறுக்கின கத்தரிக்காய் கறுக்கிறதே, அதே வேலை. வெந்நீர் அந்த நொதியை அடக்கிவிடும். ஐஸ் தண்ணீர் தழை வேகாமல் காப்பாற்றும். கொஞ்சம் வாசனை குறையும்தான், ஆனால் நாலாம் நாளும் பச்சையாகவே இருக்கும். முக்கி எடுத்த தழையைத் துணியில் வைத்து நன்றாகப் பிழிந்துவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர்க் கணக்கு தப்பிவிடும்.

மிளகாயைப் பச்சையாகப் போடுவதில் எனக்கு இஷ்டம் இல்லை. நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு (கீறாமல் எண்ணெயில் போட்டால் பட்டென்று வெடித்து முகத்தில் தெறிக்கும்), சின்ன வாணலியில் சொட்டு எண்ணெய் விட்டு, தோலில் அங்கங்கே வெள்ளைக் கொப்பளம் எழுந்து ஓரம் லேசாகப் பொன்னிறமாகிற வரை புரட்டுங்கள். ஒரு நிமிஷ வேலை. பச்சை வாடை போய் ஒரு சுட்ட வாசனை வரும், காரமும் சுள்ளென்று குத்தாமல் மெதுவாக ஏறும். அதே வாணலியில் பூண்டையும் போட்டு இரண்டு புரட்டு. பூண்டை இரண்டாகக் கீறிப் பாருங்கள், நடுவில் பச்சையாக முளை விட்டிருந்தால் கிள்ளி எறியுங்கள், அது கசக்கும்.

காரம் குறைய வேண்டுமென்றால் விதையை உதறினால் போதாது. காரம் விதையைப் பிடித்துக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்பில் இருக்கிறது, அதைக் கத்தி முனையால் வழித்தெடுங்கள். வழித்த கையோடு கண்ணைத் தொடாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் தொடுவோம். கையில் முதலில் கொஞ்சம் எண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிளகாய்க் காரம் வெறும் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும்.

வரிசை

சட்னி ஜாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஜாரில் இந்த அளவு பிளேடுக்கு எட்டாமல் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். நேரம் இருந்தால் ஜாரைப் பத்து நிமிஷம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள், கரண்ட் போய் வந்த நேரமாக இருந்தால் இந்த யோசனையை விட்டுவிடலாம்.

முதலில் முந்திரி மட்டும், கூட உப்பு. தண்ணீர் இல்லாமல் விட்டு விட்டு நாலு சுற்று. ரவை மாதிரி ஆனதும் திறந்து, ஓரத்தை வழித்துவிட்டு, இரண்டு கரண்டி குளிர்ந்த தண்ணீர். திரும்ப ஓட்டுங்கள். வழியுங்கள், இன்னும் இரண்டு கரண்டி. தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் பருப்பு பிளேடிலிருந்து தப்பித்து நீந்திக்கொண்டே இருக்கும், கடைசி வரை குறுணை போகாது. கெட்டியாக இருக்கும்போதுதான் அது நைசாகும். ஒரு சொட்டு எடுத்து நாக்குக்கும் மேல் அன்னத்துக்கும் நடுவில் தேய்த்துப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி வழுக்கினால் சரி. நறநறத்தால் இன்னும் ஓட்ட வேண்டும். அடிப்பக்கம் ஜாரைத் தொட்டுப் பாருங்கள், கையில் சூடு தெரிந்தால் நிறுத்தி இரண்டு நிமிஷம் ஆறவிட்டு ஓட்டுங்கள். இந்த ஒரு கட்டத்தில் பொறுமை இல்லாமல்தான் நான் முதல் ஐந்து தடவையும் கெடுத்தேன்.

அப்புறம் வதக்கி ஆறிய மிளகாயும் பூண்டும். இரண்டு சுற்று போதும்.

அப்புறம் எண்ணெய். சட்னி ஜார் மூடியில் ஓட்டை இருக்காது, சொட்டுச் சொட்டாக விட வழியில்லை, அதனால் மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு சுற்று. கலவை கொஞ்சம் வெளுத்து, பளபளவென்று ஒரு மினுக்கம் வரும். அதுதான் எண்ணெயும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டதற்கு அடையாளம்.

கடைசியில் தழை, ஐஸ் கட்டியோடு. ஐஸ் கட்டியைக் கொஞ்சம் தட்டி உடைத்துப் போடுங்கள், முழுக் கட்டியாகப் போட்டால் ஜார் அலறும். விட்டு விட்டு ஐந்தாறு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். பச்சைப் புள்ளிகள் கொஞ்சம் தெரிந்தால் தெரியட்டும், முழுக்க நைசாக்க வேண்டும் என்று ஓட்டிக்கொண்டே இருந்தால் சூட்டில் நிறமும் போகும் வாசனையும் போகும். கெட்டியாக இருந்தால் மிச்சத் தண்ணீரை இப்போது கரண்டி கரண்டியாகச் சேர்த்து, அந்தக் கரண்டிக் கோட்டுச் சோதனையைச் செய்து பாருங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் இறுகும், அதனால் நினைத்ததைவிட ஒரு மாத்திரை தளர்வாகவே நிறுத்துங்கள்.

எலுமிச்சை ஜாருக்குள் போகக் கூடாது. கிண்ணத்துக்கு மாற்றிய பிறகு, வடிகட்டியில் பிழிந்து, கரண்டியால் கலக்குங்கள். ஒரு விதை உள்ளே விழுந்து அரைபட்டால் மொத்தமும் கசக்கும், அது ஒரு காரணம். புளிப்பு நேரமாக ஆகப் பச்சையை மங்கவைக்கும், அது இன்னொன்று. நான் நாலு நாளைக்கு அரைத்தால் எலுமிச்சை சேர்க்காமல் எடுத்துவைத்துவிட்டு, அன்றன்றைக்குச் சாப்பிடும் அளவில் மட்டும் பிழிந்துகொள்கிறேன்.

அம்மி இருக்கிற வீடு என்றால் இந்த ஐஸ் சங்கதி எதுவும் தேவையில்லை, கல் சூடாகாது. அத்தை அம்மியில் அரைத்துக் காட்டினார். அவரும் முதலில் பருப்பையும் உப்பையும்தான் வைத்தார், தழையைக் கடைசியில் வைத்து நாலே இழுப்பு. நான் பத்துத் தடவை கெடுத்துக் கற்றுக்கொண்ட வரிசையை அவர் யோசிக்காமல் செய்தார். "தழைய மொதல்ல வச்சா அது நழுவிக்கிட்டே இருக்கும்டா, பருப்பு எப்ப மசியும்?" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

நிலக்கடலையில் செய்தால்

முந்திரி விலை கட்டுப்படியாகாத மாதக் கடைசியில் நிலக்கடலை. ஊறப்போடக் கூடாது, வெறும் வாணலியில் சிறு தீயில் தோல் வெடித்துக் கழலும் வரை வறுத்து, ஆறியதும் துணியில் வைத்துத் தேய்த்துப் புடைத்துவிட்டு, அதே வரிசையில் அரைக்க வேண்டியதுதான். ருசி முரடாக இருக்கும், அதற்கு வரமிளகாய் இன்னும் பொருத்தம். நாலு குண்டு மிளகாயை வெந்நீரில் ஊறவைத்துப் பச்சை மிளகாய்க்குப் பதில் போட்டால் செங்கல் நிறத்தில் வேறொரு சாஸ். வறுப்பதற்கு முன் கடலையைத் தட்டில் பரப்பி, சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சை விடும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முழுசாகப் போகாது. ஒரு பருப்பு கசந்தால் துப்பிவிடுங்கள், சிக்கனம் பார்க்காதீர்கள்.

யாருக்காவது கொடுக்கும்போது உள்ளே என்ன பருப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். முந்திரியோ கடலையோ சிலருக்குச் சுத்தமாக ஒத்துக்கொள்ளாது. உதடு வீங்கி மூச்சுத் திணறுகிற அளவுக்கும் போகும். பச்சையாக அரைத்த சாஸைப் பார்த்தால் உள்ளே பருப்பு இருப்பது யாருக்கும் தெரியாது.

தப்பிப்போனால்

காரம் மிஞ்சிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், காரம் அப்படியே இருக்கும், பதம்தான் போகும். இன்னும் பத்து முந்திரியை ஊறவைத்துத் தனியாக நைசாக அரைத்துக் கலக்குங்கள், அல்லது இரண்டு கரண்டி தேங்காய்ப்பால். கொழுப்புதான் காரத்தை அடக்கும்.

கசந்தால் அரைச் சிட்டிகை வெல்லம். அதற்கும் அடங்கவில்லை என்றால் புதினாத் தண்டோ எலுமிச்சை விதையோ உள்ளே போயிருக்கிறது, அதை ஒன்றும் செய்ய முடியாது, தாளித்துக் குழம்பில் விட்டுத் தீர்த்துவிடுங்கள். எண்ணெய் மேலே மிதந்தால் ஒரு ஐஸ் கட்டியோடு திரும்ப ஒரு சுற்று. தண்ணீராகப் போய்விட்டதா? பொட்டுக்கடலை மாவு ஒரு கரண்டி காப்பாற்றும், ருசி கொஞ்சம் ஓட்டல் சட்னிப் பக்கம் சாயும், பரவாயில்லை.

வைத்துக்கொள்வது

பச்சைப் பூண்டும் எண்ணெயும் சேர்ந்ததை வெளியில் வைப்பது வெறும் புளிப்புப் பிரச்சினை மட்டும் இல்லை. காற்றுப் புகாத இடத்தில் போட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளரும், அதற்கு வாடையும் தெரியாது நிறமும் தெரியாது. பூண்டை இரண்டு புரட்டு புரட்டியதால் அந்தக் கிருமி சாகாது. ஆகவே அரைத்த கையோடு ஃபிரிட்ஜ். வெந்நீரில் கழுவி நன்றாகக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில், கழுத்து வரை நிரப்பி, மேலே ஒரு கோடு எண்ணெய் விட்டு மூடினால் மேல்பக்கம் கறுக்காது. நாலு நாளில் தீர்த்துவிடுங்கள், எடுக்கும் கரண்டி காய்ந்திருக்கட்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்து, கட்டிகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டால் ஒரு மாதம் தாங்கும். தனியாக அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதுதான் வசதி, வேளைக்கு ரெண்டு கட்டி. இப்போதெல்லாம் சித்தி மகனுக்கு இப்படித்தான் போகிறது, பழைய சாப்பாட்டுக் கேரியரில் ஐஸைக் கொட்டி நடுவில் டப்பாவைப் புதைத்து.

எதற்குத் தொட்டுக்கொள்வது? என்னைக் கேட்டால் கடலூர் முதுநகர்ப் பக்கம் காலையில் வந்து இறங்கும் சங்கரா மீனை மஞ்சளும் உப்பும் மட்டும் தடவி வறுத்து, மேலே இதைக் குளிர்ச்சியாக ஊற்றிக்கொள்வது. மீனுக்கு மிளகாய்த்தூள் தடவாதீர்கள், இரண்டு காரமும் அடித்துக்கொள்ளும். புதுச்சேரியில் கிடைக்கும் நீள ரொட்டியை, அந்த பகெத்தை, சாய்வாக அறுத்துத் தோசைக்கல்லில் வாட்டித் தடவினால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. அவித்த மரவள்ளிக் கிழங்குக்கும் பொருந்தும், தயிர்ச் சாதத்துக்கும். நூடுல்ஸ், பாஸ்தாவுக்கு என்றால் அடுப்பை அணைத்த பிறகு கலக்குங்கள், கூடவே வேகவைத்த தண்ணீர் ஒரு கரண்டி. அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் முந்திரியின் மாவுச்சத்து வெந்து பசை மாதிரி இறுகும், பச்சையும் போய் மறுபடி அந்தச் சாணிப் பால் நிறம்தான்.

ஜாரின் பிளேடுக்கு அடியில் ஒரு கரண்டியாவது ஒட்டிக்கொண்டு வராது. விரலை விட்டு நோண்ட வேண்டாம், கிழித்துவிடும். ஒரு டம்ளர் மோரை ஊற்றி, உப்புப் போட்டு, ஒரே ஒரு சுற்று சுற்றி டம்ளரில் ஊற்றிக்கொள்ளுங்கள். அரைத்தவருக்கு மட்டும்.